தரகர் மச்சம்

மாசாமாசம் என்றாள், டூரில் கூட வந்திருந்த சுலோச்சனா. காலையில், ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தில், தர்பூசணித் துண்டைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டே, ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதியைச் சொல்கிற மாதிரி வெகு சாதாரணமாகச் சொன்னாள். "அண்ணன்தான் மாசாமாசம் ஓசூர் வந்து தாரணியையும் பேத்தியையும் பாத்துட்டுப் போறாருங்களே அக்கா. நீங்க மட்டும் இன்னும் மனசு எறங்காம இருக்கறீங்க. பெத்த வவுறில்லீங்களா?" பேத்தி. தெய்வானைக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் என்று தெய்வானைக்கே தெரியாது. சுலோச்சனாவின் மகன் ஓசூரில் அதே குடியிருப்பில் மேல்மாடியில் இருக்கிறானாம், அதனால் சுலோச்சனாவுக்குத் தெரிந்திருக்கிறது. குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது என்பது வரைக்கும் தெரிந்திருக்கிறது. தெய்வானை தலையாட்டினாள். சிரித்தாள்கூட. அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் எதற்குச் சிரித்தோம், வீட்டுக்காரரோடு இருந்து இருந்து அவர் சிரிப்பு நமக்கும் ஒட்டிக்கொண்டதா. மாசாமாசம். மலைக்கு ரோப் காரில் போனபோது அந்தச் சொல்லும் கூடவே ஏறியது, மலை விளிம்பில் கண்ணாடிப் பாதையில் செருப்புக்கு மேல் சிவப்புத் துணி உறை மாட்டிக்கொண்டு நடந்தபோது அதுவும் கூடவே நடந்தது, இப்போது கீழே இறங்கி, சாங்ஜியாஜியே நகரத்துக்கு வெளியே, துஜியா என்கிற மலைச் சனங்களின் மரவீட்டு முற்றம் ஒன்றில் மற்ற டூர்க்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறபோதும் அதுவும் கூடவே உட்கார்ந்திருக்கிறது. முன்வரிசையில் அவள் கணவர் குழந்தைவேல் உட்கார்ந்திருந்தார். சீனாவுக்குப் போகிறோமே என்று பொள்ளாச்சியில் முடி வெட்டிக்கொண்டு வந்த சுத்தமான பிடரி தெரிந்தது. பக்கத்து மனிதருக்குத் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுப்பார். யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கொடுப்பார், தங்கமான மனுஷர்.

தங்கமான மனுஷர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், தேங்காய்க் களத்தில் கொப்பரை காயப்போடுகிற பெண்களிலிருந்து கல்யாண மண்டபத்து மேனேஜர் வரைக்கும். குரலை உயர்த்த மாட்டார். கோபமே வராது. கோபம் வராத மனுஷரோடு குடும்பம் நடத்துகிறவளைக் கேட்டால் தெரியும் அது என்ன கொடுமை என்று. அவள் ஒரு வார்த்தை உரக்கப் பேசினால் போதும், அவர் மெல்லச் சிரித்து, "எதுக்கு அம்மிணி டென்சன் ஆகறே?" என்பார், உடனே வீட்டிலிருக்கிற அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள், பாவம், இவளை வைத்துக்கொண்டு இந்த மனுஷர் எப்படித்தான் காலம் தள்ளுகிறாரோ என்று. மகள் தாரணி அந்த எட்வினைப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள் என்று சேதி வந்த அன்றைக்கும் அவர் சத்தம் போடவில்லை. தெய்வானைதான் போட்டாள். தட்டை வீசினாள், போனில் மகளிடம், என் மூஞ்சியில முழிக்காதே என்றும் சொல்லிவிட்டாள். அவளுடைய கோபம் ஒரு ராத்திரிக் கோபம், மறுநாள் பால்காரர் மணியடிப்பதற்குள் தீர்ந்து போயிருந்தது. புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள், ஒரு எட்டு ஓசூர் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாமுங்க என்று. அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். எவ்வளவு மெதுவாகப் பிடித்தார். "நான் ராத்திரியே பேசிட்டேன் அம்மிணி. அம்மா வரவேண்டாம்கறா. நீ சொன்ன சொல்லுல மனசு ஒடைஞ்சு போச்சாம். நம்பரைக்கூட மாத்தப் போறாளாம். கொஞ்ச நாள் விட்டுப் பிடிப்போம்." நம்பர் மாறித்தான் இருந்தது, அவள் அடித்துப் பார்த்தாள், அடித்து அடித்துப் பார்த்தாள். அம்மா சத்தம் கேட்டாலே நீ அழுவே கண்ணு, கொஞ்ச நாள் வேற நம்பர் வெச்சுக்க என்று சொல்லி மாற்ற வைத்ததே அவர்தானாம், சுலோச்சனா தர்பூசணி விதையைத் துப்பிக்கொண்டே அதையும் சொன்னாள். உன் பேரை எடுத்தாலே அம்மாவுக்குப் பிரஷர் ஏறுது, அவளுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா காலத்துக்கும் உம்மேலதான் பழி என்று சொன்னாராம். தெய்வானைக்குப் பிரஷரே கிடையாது. மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். தன் பிரஷரை எடுத்து அவள் பேரில் போட்டுவிட்டார்.

ரெண்டு வருசம் அவள் யார் மேல் கோபமாக இருந்தாள்? மகள் மேல். பெத்தவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே என்று. தீபாவளிக்குத் தீபாவளி அந்தக் கோபத்தைத் தூசு தட்டி எடுத்து வைத்துக்கொண்டாள், கோயிலில் அர்ச்சனைக்கு மகள் பேரைச் சொல்லாமல் விட்டுவிட்டு, பிரகாரம் சுற்றும்போது மனசு கேட்காமல் திரும்பப் போய்ச் சொல்லி, சொன்னதற்காகத் தன்னையே வைதுகொண்டாள். அத்தனையும் தப்பான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த கோபம். இன்றைக்கு ரோப் காரில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து போனார்கள், எட்டுப் பேர், கதவைச் சாத்தியாயிற்று, நடுவில் இறங்க முடியாது. இந்த ஊர் ரோப் கார் நகரத்துக்குள்ளிருந்தே கிளம்பி வீடுகளின் தலைக்கு மேலேயே போகிறது. "பாரு அம்மிணி, மொட்டைமாடியெல்லாம் தெரியுது," என்றார். தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிகள், காய்கிற துணிகள், போர்வையை உதறிக்கொண்டிருந்த ஒரு பெண் தலைநிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்புறம் வீடுகள் முடிந்து, மேகம் வந்து, மேகத்துக்குள்ளிருந்து செங்குத்தாகப் பாறைகள் வந்தன, தலையில் மட்டும் பச்சை. சுண்ணாம்புப் பாறைங்க, மழைத்தண்ணி உள்ளே எறங்கி எறங்கி சத்தமில்லாம கரைச்சிருக்கு, உள்ளே பூரா பொந்து, என்றான் டூர் மேனேஜர் பிரகதீஷ். சத்தமில்லாமல் என்ற இடத்தில் அவள் கணவரைப் பார்த்தாள். அவர் எல்லோருக்கும் கடலைமிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். வாங்கி வாயில் போட்டு மென்றாள், கடைவாய்ப் பல் நோகிற மாதிரி மென்றாள், இந்த இடத்தில் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று பயமாக இருந்தது. பாறையைப் பார்த்தோ உயரத்தைப் பார்த்தோ வந்த பயமில்லை. கண்ணாடிப் பாதையில் மற்ற பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு முருகா முருகா என்றபோது அவள் நடுவில் நடந்தாள், காலுக்குக் கீழே பாதாளம் தெரிந்தது, தெரியட்டும் என்று நடந்தாள். "அம்மிணிக்குத் தைரியம் ஜாஸ்தி," என்று அவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார்.

மேடையில் கொட்டு முழங்கியது. பின்னால் மரக்கால்கள் மேல் நிற்கிற உயரமான வீடு, அதன் உத்தரத்தில் மிளகாய்ச் சரங்களும் புகையில் கறுத்த இறைச்சித் துண்டங்களும் தொங்கின. உள்ளூர்ப் பெண் ஒருத்தி மைக்கில் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல பிரகதீஷ் தமிழில் சொன்னான். "இந்தத் துஜியாக்காரங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டுங்க. கல்யாணத்துக்கு நாள் இருக்கறப்பவே பொண்ணு அழ ஆரம்பிச்சிடணும். பாட்டாவே அழணும். அம்மாவும் கூட அழணும், தோழிங்களும் கூட அழணும். அழத் தெரியாத பொண்ணை ஊரே சிரிக்கும். இதுல விசேஷம் என்னன்னா, அந்த அழுகைல அவ யாரை வேணாலும் திட்டலாம். முக்கியமா கல்யாணத் தரகரை. அங்க ஒண்ணு இங்க ஒண்ணு பேசறவர்ங்கறதால. திட்டு வாங்கறவங்க கோவிச்சுக்கக் கூடாது, நின்னு கேட்டுக்கணும்." பெண்கள் சிரித்தார்கள். நம்மூர்ல இந்தப் பழக்கம் இருந்திருந்தா பாதி மண்டபம் காலியாயிருக்கும் என்று யாரோ சொன்னதற்கு இன்னும் சிரித்தார்கள். மணப்பெண் வேடத்தில் சிவப்பு உடுத்தி வந்தவள் சின்னப் பெண், கொஞ்ச நேரம் முன்னால் வாசலில் நின்று செல்போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான். அவள் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு ஒப்பாரி மாதிரி முதல் இழுப்பு இழுத்ததும் தெய்வானை நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாஷை புரியாவிட்டால் என்ன, அடிவயிற்றிலிருந்து வருகிறதா நாக்கிலிருந்து வருகிறதா என்று தெரியாதா. தினம் நாலு தடவை காசுக்கு அழுகிறவள்தான், ஆனாலும் அவளுக்கு அழ ஒரு மேடை இருக்கிறது, கொட்டு இருக்கிறது, கூட அழ ஆள் இருக்கிறது. தெய்வானை கல்யாணத்தன்று காரில் ஏறும்போது கண் கலங்கியதற்கே மாமியார் சொன்னாள், நல்ல நாளும் அதுவுமா கண்ணைக் கசக்காதே என்று. கசக்கவில்லை. அதற்கப்புறம் அழுததெல்லாம் குளியலறையில், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு. இந்த ரெண்டு வருசமும் அப்படித்தான் அழுதாள். வெளியே நின்று அவர் கதவை மெல்லத் தட்டுவார். "தண்ணி வீணாகுது அம்மிணி." தெரிந்துதான் தட்டினார். உள்ளே எதற்கு அழுகிறாள் என்று தெரிந்து, அதற்கு மருந்து தன் சட்டைப்பை போனிலேயே இருக்கிறது என்று தெரிந்து, தண்ணீர் வீணாகிறது என்று தட்டினார்.

அப்புறம் அந்த லேகியம். அதை இதுவரை நினைக்காமலே வந்தாள், ரோப் காரில் பக்கத்தில் வந்தது, தள்ளிவிட்டாள், கண்ணாடிப் பாதையில் வந்தது, தள்ளிவிட்டாள், இப்போது அந்தப் பெண்ணின் இரண்டாவது இழுப்போடு வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. போன வருசம் ஒரு நாள் அவர் சமையல்கட்டுக்கு வந்து, கிணத்துக்கடவு வியாபாரி ஒருத்தர் மகளுக்குக் குழந்தை பொறந்திருக்குது, பிள்ளை பெத்த லேகியம் கிண்டித் தர்றியா, உன் கைப்பக்குவம் யாருக்கு வரும் என்றார். அவள் உச்சி குளிர்ந்து போய்க் கிண்டினாள். சுக்கு தட்டி, திப்பிலி வறுத்து, கருப்பட்டி காய்ச்சி, நல்லெண்ணெய் பிரிந்து வருகிறவரை கை நோகக் கிண்டினாள். கிண்டும்போது, தாரணிக்கு ஒரு நாள் இதைச் செய்துகொடுக்கக் கொடுத்து வைத்திருக்கிறதோ என்னமோ என்று ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விழுந்தது, சட்டிக்குள் விழாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். பாட்டிலில் அடைத்துக் கொடுக்கும்போது கேட்டாள், "ஏனுங், அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்லீங்களா?" அவர் பாட்டிலைத் துணிப்பையில் வைத்தபடி ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சொன்னார், "இருந்தும் இல்லாத மாதிரிதான் அம்மிணி." சொல்லிவிட்டுச் சிரித்தார்கூட, வருத்தமாக. அந்த வருத்தச் சிரிப்பை அவள் பார்த்து, எப்பேர்ப்பட்ட மனசு இந்த மனுஷருக்கு, யாரோ பெத்த பொண்ணுக்கு இப்படி உருகுகிறாரே என்று நினைத்தாள். நினைத்தாளே. அவர் ஏன் இப்படிச் செய்தார் என்றுதான் புரியவில்லை. மகளை வெட்டிவிட நினைத்தவர் இல்லை, மாசாமாசம் போகிறவர், கர்நாடகத்து அரசிக்கெரே கொப்பரை மார்க்கெட் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பேத்தியைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வருகிறவர். அப்படியிருக்க இவளை மட்டும் ஏன்.

மேடையில் தரகர் வேண்டும் என்றார்கள். பார்க்க வந்தவர்களிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவார்களாம். பிரகதீஷ் திரும்புவதற்குள் நாலைந்து பேர் சேர்ந்து சொல்லிவிட்டார்கள், அண்ணன் போகட்டும், அண்ணன்தான் சரியான ஆளு. குழந்தைவேல் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே எழுந்தார், அவர் எதற்கும் அப்படித்தான் எழுவார். அவருக்கு ஒரு நீளமான கறுப்பு அங்கியை மாட்டி, கையில் விசிறி கொடுத்து, கன்னத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கறுப்பு மச்சத்தை ஒட்டினார்கள். தரகருக்கு மச்சம்தான் அடையாளமாம். அவர் விசிறியை விரித்து அந்தப் பக்கம் ஒரு கும்பிடு, இந்தப் பக்கம் ஒரு கும்பிடு போட்டார், சீனர்களும் தமிழர்களும் ஒரே மாதிரி கைதட்டினார்கள். அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. தெய்வானைக்கு அப்போதுதான் விளங்கியது. பங்காளிகள் கூடுகிற இடத்தில், சாதிக்குள்ளே கட்டாமல் போன மகளைப் பற்றி யாராவது கேட்டால், எனக்கொண்ணுமில்லீங்க, அம்மிணிதான் ஒத்துக்க மாட்டேங்கறா, மானஸ்தி என்று சொல்லியிருப்பார். ஓசூரில் போய், எனக்கொண்ணுமில்ல கண்ணு, அம்மாதான் என்று சொல்லியிருப்பார். இங்கேயும் நல்ல பேர், அங்கேயும் நல்ல பேர், கெட்ட பேரை மொத்தமாகக் கட்டி இவள் தலையில் ஏற்றிவிட்டு நடுவில் விசிறிக்கொண்டு நிற்கலாம். அதனால்தான் போன தை மாசம் ஒரு கல்யாணத்தில் ஒன்றுவிட்ட நாத்தனார் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீதான் ஆத்தா நெலையா நிக்கறே, எங்களால எல்லாம் ஆகாது என்றாள். என்ன நிலை, எதில் நின்றாள் என்று புரியாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். பந்தியில் உட்கார்ந்து பாயசம்கூடக் குடித்தாள். மணப்பெண் தரகரைச் சுற்றிச் சுற்றி வந்து திட்ட ஆரம்பித்தாள், இழுத்து இழுத்து, விரலை நீட்டி நீட்டி. அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டுக் காட்டினார், கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. அடுத்ததாக மைக் பிடித்த பெண் என்னவோ கேட்டாள், பிரகதீஷ் சொன்னான், "நம்ம பொம்பளையாளுங்க யாராச்சும் வந்து நம்ம பாஷைல தரகரைத் திட்டலாமாம். வாங்க யாராச்சும்."

சுலோச்சனா இடித்தாள். "போங்கக்கா, அண்ணனைத் திட்ட இதவிட்டா வேற எடம் கெடைக்காது." தெய்வானை எழுந்தாள். மலையில் வராத பயம் போகிற வழியில் வந்தது, இதற்கப்புறம் எங்கே போவோம் என்று, அதே வீடு, அதே சமையல்கட்டு, அதே மெல்லிய குரல், எதுக்கு அம்மிணி டென்சன். பயத்தைக் கோபம் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் மேடையில் ஏற்றியது. அவர் கும்பிட்டார். "வா அம்மிணி, திட்டு," என்றார் சிரித்துக்கொண்டு.

"தாரணிகிட்ட நான் என்ன சொன்னதாச் சொன்னீங்க?"

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் விசிறி நின்றுவிட்டது. "இது வெளையாட்டு அம்மிணி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமுங்க. கோவிச்சுக்கக் கூடாதாம், நின்னு கேக்கோணுமாம், இப்பத்தானே சொன்னாங்க. எம்பட மகளுக்குப் புள்ளை பொறந்துருக்குது, எனக்குத் தெரியாது. எங்கையால லேகியம் கிண்டி வாங்கிட்டுப் போயி, இருந்தும் இல்லாத மாதிரின்னு எம்மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்க. குழாயத் தொறந்துட்டு அழுதேன், தண்ணி வீணாகுதுன்னீங்க. எனக்கா பிரஷர்? எனக்கா? நான் ஒரு ராத்திரி கத்துனேன். நீங்க ரெண்டு வருசம் கத்தாம எங்க ரெண்டு பேரையும் கொன்னீங்க. நாசமாப் போக உங்க நல்ல பேரு."

கடைசி வார்த்தைகள் அழுகையாகத்தான் வந்தன, அவள் அறியாமல் அதே மாதிரி இழுப்போடு வந்தன. தமிழர்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். சீனர்கள் கைதட்டினார்கள், நன்றாக அழுகிறாள் என்று. மணப்பெண் வேடக்காரி என்ன நினைத்தாளோ, பக்கத்தில் வந்து தெய்வானையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடச் சேர்ந்து அழ ஆரம்பித்தாள், வழக்கம் அப்படியாம். குழந்தைவேல் கூட்டத்தைப் பார்த்தார். அவள் சத்தம் போடும்போதெல்லாம் அப்படித்தான் பார்ப்பார், எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்க்கிறார்களா என்று. இன்றைக்கு எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பஸ்ஸுக்கு நேரமாச்சில்லப்பா?" என்றார் பிரகதீஷிடம்.

தெய்வானை மேடையிலிருந்து இறங்கி நேராகச் சுலோச்சனாவிடம் வந்தாள். "நம்பர் இருக்குதுல்ல. போடு." சுலோச்சனாவின் கை அவசரத்தில் இரண்டு தடவை தப்பான இடத்தில் தட்டியது. அங்கே இந்நேரம் மத்தியானச் சமையல் நேரமாக இருக்கும், எடுப்பாளோ மாட்டாளோ, எடுத்துக் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டால் என்ன செய்வது, மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஹலோ சொல்லுங்க ஆன்ட்டி என்றது தாரணியின் குரல். பின்னால் ஒரு குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது. ரெண்டு வருசமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் அத்தனையும் தெய்வானைக்கு மறந்து போய், வாயில் வந்தது திட்டுதான்.

"ஏண்டி, நான் சொன்னேன்னு அவர் சொன்னா நம்பிருவியா நீ?"

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. குழந்தையை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள் போல, அதுவும் நின்றது. வைத்துவிட்டாளோ என்று தெய்வானை போனைக் காதில் இன்னும் அழுத்தினாள். மூச்சு கேட்டது. அப்புறம் தாரணி சொன்னாள், தெய்வானையின் அதே ராத்திரிக் கோபத்தோடு, அழுகையோடு.

"நீயும்தானேம்மா நம்புனே."

ஆமா கண்ணு என்றாள் தெய்வானை, ஆமா, ஆமா என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். மேடையில் அடுத்த கூட்டத்துக்காகச் சிவப்புத் துணியை உதறி விரித்தார்கள். குழந்தைவேல் அங்கியைக் கழற்றிக் கொடுத்து, விசிறியை மடித்துக் கொடுத்து, யாருக்கோ நன்றி சொல்லிவிட்டு, அவளை நோக்கி மெல்லச் சிரித்துக்கொண்டே வந்தார். கன்னத்தில் அந்த மச்சம் அப்படியே இருந்தது. அத்தனை பேர் பார்த்தார்கள், ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.